கட்டிங் மாஸ்டர் செய்த கடிகாரம்

பெருமாநல்லூர் ரோட்டுப் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர் வேல்குமாரைத் தெரியாதவர்கள் குறைவு. வேலையாலும் தெரியும், கையாலும் தெரியும். துணியை நூறு அடுக்கு விரித்து, மேலே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வளையமாக ஓடிக்கொண்டே இருக்கிற கத்திக்குள் தள்ளினான் என்றால், மேல் துணியும் அடித்துணியும் நூலிழை பிசகாமல் ஒரே அளவில் வந்து விழும். அதே வலது கையை ஓங்கினான் என்றால் எதிரில் நிற்கிறவன் விழுவான். முதலாளிகளுக்கு முதல் விஷயம் பிடித்திருந்தது. அதனால் இரண்டாவது விஷயம் கண்ணில் படவில்லை.

அடி அவனுக்குப் புதுசல்ல. அப்பா ஆறுமுகசாமி தறிக்காரர். நூல் அறுந்தால் மகனை அடிப்பார், கரண்ட் போனால் மகனை அடிப்பார். முருகனுக்கு மாலை போட்டிருக்கிற நாட்களில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். மாலையைக் கழற்றின அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பார். பத்தொன்பது வயதில் கட்டிங் டேபிளுக்கு ஹெல்ப்பராக வந்தால் அங்கே மாஸ்டர் ஸ்டீல் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டி முட்டியாகத் தட்டினார். இதையெல்லாம் சொன்னவுடன் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்ட வேண்டாம். அதே ஸ்கேலால் அதே மாஸ்டரிடம் தட்டு வாங்கின இன்னும் நாலு பேர் இன்றைக்குத் திருப்பூரில் மாஸ்டராக இருக்கிறார்கள். அவர்கள் யாரும் இன்னொருவன் மேல் கை வைத்ததாகக் கேள்வியில்லை.

வேல்குமார் வைத்தான். அதில் மறக்க முடியாதது மாரிச்செல்வம் வாங்கியது. மாரிச்செல்வம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவன், துணி விரிக்கிற வேலை. பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் மேஜையில் தளரவிட்டு, இழுக்காமல் விரிக்க வேண்டும். இழுத்து விரித்தால் வெட்டின பிறகு துணி சுருங்கிக்கொள்ளும். மாரிச்செல்வம் அவசரத்தில் இழுத்து விரித்துவிட்டான். அறுநூறு பனியன் அரை இஞ்சு குட்டையாக வந்தது. வேல்குமார் கிட்டே போய், உள்ளங்கையை விரித்து, இடது காதின்மேல் ஒரே ஒரு அறை. மாரிச்செல்வம் துணி அடுக்கின் மேலேயே சாய்ந்தான். காதிலிருந்து ரத்தம் வெள்ளைத் துணியில் இறங்கியது. அப்போதும் வேல்குமார் சொன்னது இதுதான்: "டேய், துணியில படுது பாரு, எந்திரிடா."

காதுச் சவ்வு கிழிந்து, உள் நரம்பும் அடிபட்டிருந்தது. இனி அந்தக் காது கேட்காது என்று டாக்டர் சொன்னார். காண்ட்ராக்டர் நடுவில் புகுந்து பேசி முடித்தார். மாரிச்செல்வம் பனியன் வேலையே வேண்டாம் என்று போய், பெட்டியும் சட்டமும் அடிக்கிற மரப்பட்டறை ஒன்றில் சேர்ந்து தச்சு கற்றுக்கொண்டான். இது நடந்து ஆறு வருஷம்.

வெளியில் இப்படி என்றால் ஊட்டில் எப்படி என்று கேட்கவே வேண்டாம். மனைவி ஜெயசுதாவுக்கு அந்தக் கையின் ஒவ்வொரு பக்கமும் தெரியும். உள்ளங்கை, புறங்கை, முஷ்டி, விரல் முட்டி. குழம்பில் உப்பு கூடினால் உள்ளங்கை. திருப்பி ஒரு வார்த்தை கேட்டால் புறங்கை. பதினான்கு வருஷத்தில் குழந்தை இல்லை; அதற்கும் சேர்த்து அவள்தான் வாங்கினாள். பக்கத்து ஊட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். மறுநாள் அவள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு செக்கிங் வேலைக்குப் போவாள்; பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவாள்.

ஒருநாள் காலை அலாரம் அடிக்கவில்லை. டிவி ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் கடிகாரம் இருந்தது, கல்யாணத்துக்கு வந்தது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்கு ஷிப்மென்ட் போகிற நாள். வேல்குமார் எட்டு மணிக்குக் கண் விழித்து, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, அவளைப் பார்த்தான். அவள் காபி டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க அசந்து தூங்குனீங்களேன்னுதான் எழுப்பாம..."

முடிக்கவில்லை. கடிகாரம் அவள் இடது புருவத்தில் வந்து மோதியது. பிளாஸ்டிக் உடைந்து, உள்ளே இருந்த கண்ணாடி சதைக்குள் போனது. டம்ளர் உருண்டது. அவள் கத்தவில்லை, ஆச்சரியப்பட்டதுபோல் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, விரலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் அவளைத் தாண்டி குளிக்கப் போனான். ஏழு தையல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பக்கத்து ஊட்டுப் பெண். அங்கிருந்தே ஜெயசுதா பஸ் ஏறி, கொமரலிங்கத்தில் இருக்கிற அண்ணன் முருகவேல் ஊட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் மாதம் வேல்குமார் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். வந்துதானே ஆகோணும் என்றான். இரண்டாம் மாதம் மெஸ்ஸில் சாப்பிட்டு வயிறு கெட்டது. நாலாம் மாதம் வாசல் பக்கம் நிழல் தட்டினால் எழுந்து பார்த்தான். ஏழாம் மாதம் போன் போட்டு அழுதான். குடித்துவிட்டு அழவில்லை, அந்தப் பழக்கம் அவனுக்கு இல்லை. அவன் அடித்ததெல்லாம் தெளிவாக இருந்தே அடித்தது. அழுகை உண்மைதான். அவள் இல்லாமல் அவனுக்கு முடியவில்லை. அவள் மேல் அவனுக்கு ஆசை இருந்தது, அதுதான் இந்தக் கதையில் எரிச்சல் மூட்டுகிற விஷயம்.

ஜெயசுதா போனில் நிதானமாகச் சொன்னாள். "தைப்பூசத்துக்கு அண்ணன் காவடி எடுக்குதுங்க. அது முடிஞ்சு மூணாம் நாளு வர்றேன். ஒரு பைதான் எடுத்துட்டு வருவேன். வந்து உங்க முகத்தப் பாத்துட்டு, இருக்கறதா போறதான்னு அங்க வெச்சுச் சொல்றேன். இந்தத் தடவ போனா பொறவு வரமாட்டேன். போனையும் எடுக்கமாட்டேன்."

முப்பத்தைந்து நாள் இருந்தது. வேல்குமார் யோசித்தான். ஆளைக் கெடுத்தது எது? கடிகாரம். ஆகவே கடிகாரம் செய்து வைத்தால் சரியாகிவிடும். கடையில் வாங்கினால் மதிப்பிருக்காது. தன் கையால் செய்ய வேண்டும், மரத்தில் செய்ய வேண்டும், டிவி ஸ்டாண்டில் அதே இடத்தில் வைக்க வேண்டும். அவள் உள்ளே வந்ததும் அதைப் பார்க்க வேண்டும். இத்தனை தூரம் யோசித்த மனுஷனுக்கு, கடிகாரம் தானாகப் பறந்து போய் அவள் நெற்றியில் விழவில்லை என்பது மட்டும் தோன்றவில்லை.

கம்பெனிக்குப் புதுசாக வந்திறங்கின பின்னல் மெஷினைச் சுற்றி வெளிநாட்டுப் பைன் பலகையில் சட்டம் அடித்திருந்தார்கள். அதில் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி வந்தான். செல்போனில் ஒரு ஆள் சின்ன மேஜைக் கடிகாரம் செய்கிற வீடியோ இருந்தது. ஒரு சின்ன மரக்கட்டை, நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற உருண்டைக் கடிகாரத்தைச் செருகினால் வேலை முடிந்தது. பத்து நிமிஷ வீடியோ. துணியில் கழுத்து வெட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தான். காதர்பேட்டை பக்கம் போனபோது உருண்டைக் கடிகாரம் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மரம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. முதலில் அளவுக்கு அட்டையில் மாதிரி, அதாவது பேட்டன், வெட்டி, பலகையில் வைத்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். பழக்கதோஷத்தில் சுற்றிலும் கால் இஞ்சு கூட விட்டுக்கொண்டான், துவைத்தால் சுருங்கும் என்று. மரத்தை யார் துவைக்கப்போகிறார்கள் என்று அறுத்த பிறகுதான் உறைத்தது. ஒரு பலகை தடிமன் போதாதென்று மூன்று துண்டைத் துணி அடுக்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பசை போட்டு ஒட்டினான். அது நல்ல யோசனைதான். கட்டை கையடக்கமாக, கனமாக வந்தது. ஓட்டையை உளியால் எடுக்கலாம் என்று உட்கார்ந்தான்.

உளியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். இவன் அடித்தான். நாலாவது அடியில் கட்டை நார் போன வாக்கில் பிளந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுத்தியலைத் தூக்கினான். பிளந்த இரண்டு பாதியையும் தரையில் போட்டு அடித்தான், சிலும்பு சிலும்பாகத் தெறிக்கிற வரைக்கும், டைல்ஸ் விரிசல் விடுகிற வரைக்கும் அடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு "கேக்கமாட்டயா, கேக்கமாட்டயா" என்று சொல்லிக்கொண்டே அடித்தான். பக்கத்து ஊட்டில் டிவி சத்தம் கூடியது. அவள் இல்லாத ஊட்டில் யாரை அடிக்கிறான் என்று அவர்கள் குழம்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது கட்டை ரம்பம் கோணிப் போய் ஒருபக்கம் சாய்ந்தது; அதைச் சுவரில் எறிந்தான். மூன்றாவதுக்கு லீவு நாட்களில் பொறுமையாக உட்கார்ந்தான். அவனிடம் பொறுமை இல்லாமல் இல்லை. துணிக்குக் கொடுக்கிற பொறுமையை ஆளுக்குக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விளிம்பையெல்லாம் உருட்டி, எண்ணெய் தடவினான். பைன் மரத்தின் மஞ்சள் வரிகள் எழுந்து வந்தன. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். கட்டை முடிந்தது, ஓட்டை மட்டும் பாக்கி. இன்னொரு தடவை உளியைத் தொட அவனுக்கே பயமாக இருந்தது. துளை போடுகிற மெஷினில்தான் போட வேண்டும். மெஷின் எங்கே இருக்கிறது என்று விசாரித்தால், கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரே பட்டறை மாரிச்செல்வம் வேலை செய்கிற பட்டறை.

தைப்பூசத்துக்கு மறுநாள் மத்தியானம் கட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். மறுநாள் விட்டு மறுநாள் ஜெயசுதா வருகிறாள். பட்டறையில் மாரிச்செல்வம் தனியாக இருந்தான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வேல்குமார் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டான். அவன் திரும்பவில்லை. மூன்றாவது தடவை முன்னால் போய் நின்றான்.

"அண்ணே நீங்களா! இந்தப் பக்கமா வந்து பேசுங்க," என்று மாரிச்செல்வம் வலது காதைத் தட்டிக் காட்டினான். "அந்தக் காது வேலைக்கு ஆவாது. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வேல்குமாருக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு நொடி வாய் வரைக்கும் வந்தது. "ஒரு ஓட்டை போடோணும்," என்றான்.

"குடுங்க, நான் போட்டுத் தாரேன்."

"இல்ல. என்ற கையாலயே போடோணும். சுதாவுக்கு."

மாரிச்செல்வம் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்லா இருக்குண்ணே என்று மனசாரச் சொன்னான். வட்டமாக வெட்டுகிற பல் வைத்த பிட்டை மெஷினில் மாட்டிக் கொடுத்தான். லிவரைக் கீழே இழுத்தால் பிட் சுற்றிக்கொண்டே இறங்கும். சுவிட்ச் நாலு எட்டுத் தள்ளிச் சுவரில், மரம் இழைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது.

வேல்குமார் பேன்ட் பாக்கெட்டிலிருந்து கையுறையை எடுத்தான். கட்டிங் மாஸ்டர்கள் போடுகிற இரும்பு வலைக் கையுறை. சின்னச் சின்ன வளையமாகக் கோர்த்தது. கத்தியில் கை பட்டால் அறுக்காது. கத்திக்குப் பக்கத்தில் போகிற கை வலது கை, ஆகவே பதினெட்டு வருஷமாக அது வலது கையில்தான் ஏறியது. அதைப் போடாமல் ஓடுகிற இரும்புக்குப் பக்கத்தில் அவன் நின்றதேயில்லை.

"அண்ணே, அதக் கழத்துங்க," என்றான் மாரிச்செல்வம். "இது கத்தி இல்ல, சுத்துற பிட்டு. கையொற மாட்டுனா இழுத்துரும். கட்டையக் கையால பிடிக்காதீங்க, கிளாம்ப் போட்டு இறுக்குங்க. வெறுங்கையாத்தான் நிக்கணும்."

சரியான பேச்சு. தச்சுப் பட்டறையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பேச்சு. ஆனால் சொன்னது யார்? துணியை இழுத்து விரித்து அறுநூறு பீஸைக் கெடுத்தவன். வேல்குமாருக்கு நெற்றி நரம்பு புடைத்தது.

"எனக்கே நீ மெஷின் சொல்லித் தர்றயா? நீ பொறக்கறதுக்கு..." வயதுக் கணக்குச் சரிவரவில்லை, நிறுத்திக்கொண்டான். "பதினெட்டு வருசமா கத்தியில நிக்கறன்டா. என்ற கையில ஒரு கீறல் இருக்குதா பாரு. அக்கட்டால போ. போய் உன்ற வேலையப் பாரு."

மாரிச்செல்வம் அந்தக் குரலை அறிவான். அந்தக் குரலுக்கு அடுத்து என்ன வரும் என்பதையும் அறிவான். ஆறு வருஷம் கழித்தும் அவன் கால்கள் தானாக இரண்டு எட்டுப் பின்னால் போயின. சுவிட்சைப் போட்டுவிட்டு, இழைப்பு மெஷினையும் ஓடவிட்டு, பலகையைத் தள்ள ஆரம்பித்தான். நல்ல காதுப் பக்கம் இழைப்பு மெஷின் அலறியது. கேட்காத காது வேல்குமாரின் பக்கம் இருந்தது.

வேல்குமார் கையுறைக் கையால் கட்டையை அமுக்கிப் பிடித்தான், இடது கையைக் குறுக்கே நீட்டி லிவரை இழுத்தான். பிட் மரத்தைக் கவ்வியது. மஞ்சள் தூள் பறந்தது. இறங்கியது, இன்னும் இறங்கியது. வட்டம் அவ்வளவு சுத்தமாக விழுந்துகொண்டிருந்தது. ஓட்டை முக்கால்வாசி ஆகியிருக்கும். தூள் மறைக்கிறதென்று ஒரு விரலால் ஒதுக்கினான். துணியில் நூல் பிசிறை அப்படித்தான் ஒதுக்குவான்.

ஒரு வளையம் மாட்டியது. ஒரே ஒரு வளையம். அதற்குப் பிறகு அவன் செய்ய ஒன்றுமில்லை. இரும்பு வலை பிட்டோடு சுற்றியது, உள்ளே விரல்கள் சுற்றின. கத்தி என்றால் அறுத்துவிட்டு விட்டுவிடும். இது விடவில்லை. ஆள்காட்டி விரல் எலும்பு முறிகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. கை மணிக்கட்டு வரைக்கும் மெஷினை நோக்கிப் போனது, அவன் மேஜைமேல் மோதி விழுந்தான், தாடை உடைந்தது. இடது கையால் சுவிட்சை எட்டப் பார்த்தான், அது நாலு எட்டுத் தூரம். "மாரி!" என்று கத்தினான். மாரிச்செல்வம் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தான். "டேய் மாரி! மாரிச்செல்வம்! சாமி!" வாழ்நாளில் தன்னைவிடச் சின்னவனைச் சாமி என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பத்தடியில் நின்றவன் தலை திரும்பவில்லை.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் காதில் ஒன்றும் விழாது, அவ்வளவுதான். அது வேல்குமாருக்கும் அந்த நொடியில் புரிந்தது. அவன் கத்தலை நிறுத்திவிட்டான். மெஷின் அவன் கையை மேலும் ஒரு சுற்றுச் சுற்றி, வலை இறுகி, மோட்டார் முக்கி நின்று உறுமியது. ட்யூப்லைட் மங்கி மினுக்கியது. வெளிச்சம் ஏன் போகிறது என்று மாரிச்செல்வம் நிமிர்ந்தான், திரும்பினான், பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

தன் சட்டையைக் கழற்றி அவன் கையைச் சுற்றினான். லோடு ஆட்டோவில் பலகைகளுக்கு நடுவில் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டான். "கேக்கலண்ணே, சத்தியமா கேக்கலண்ணே," என்று ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் அழுதான். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. கட்டைவிரல் பாதி.

மூன்றாம் நாள் காலையில் மாரிச்செல்வம் ஆஸ்பத்திரிக்கு ஒரு துணிப்பையோடு வந்தான். உள்ளே கடிகாரம் இருந்தது. மிச்ச ஓட்டையை இவனே முடித்து, கழுவித் துடைத்து, வேல்குமாரின் சட்டைப்பையில் கிடந்த உருண்டைக் கடிகாரத்தைச் செருகி, பேட்டரி போட்டு ஓடவிட்டிருந்தான். அடியில் ஒருபக்கம் மட்டும் ரத்தம் மர வரிக்குள் இறங்கிப் பழுப்பாக நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகலண்ணே என்றான். வேல்குமாருக்குத் தாடைக்கட்டோடு வாயைத் திறந்தால் வலித்தது. இடது கையால் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலைக் காட்டினான். அங்கே வைத்தான் மாரிச்செல்வம். வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான்.

பதினோரு மணிக்கு ஜெயசுதா வந்தாள். பக்கத்து ஊட்டுக்காரர்கள் சொல்லி நேராக இங்கேயே வந்திருக்கிறாள். கையில் பை இருந்தது. ஒரு பைதான் என்று சொன்னவள் இரண்டு பை கொண்டுவந்திருந்தாள். அந்த இரண்டாவது பையைப் பார்த்ததும் வேல்குமாருக்கு நெஞ்சு குதித்தது. புருவத்தில் தழும்பு வெள்ளையாக ஓடியது. அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"ஏனுங்க, இப்பிடிப் பண்ணிக்கிட்டீங்களே," என்றாள்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆமாம், சந்தோஷம்தான். மூன்று நாளாக வலியிலும் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தான். இனி அதற்கு மேல் அவள் என்ன கேட்டுவிட முடியும்?

"பாத்தயா சுதா," என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "உன்னைய அடிச்ச கை. போச்சு. இனி அடிக்கோணும்னாலும் முடியாது. உனக்குக் கடியாரம் செய்யப் போய்த்தான் போச்சு. அங்க பாரு. ஊட்டுக்கு வந்துரு."

ஜெயசுதா கடிகாரத்தைப் பார்த்தாள். கிட்டே போய் விளிம்பில் விரலை ஓட்டினாள். அழகா இருக்குதுங்க என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"கை போனதால அடிக்கமாட்டீங்க. அப்படித்தானுங்க?"

"ஆமா. அதான் சொல்றனே."

"வெரலு இருந்திருந்தா?"

அவனுக்குக் கேள்வி பிடிபடவில்லை.

"இத்தன வருசத்துல அடிக்கமாட்டேன்னு ஒருக்காக்கூட நீங்க சொல்லலீங்க. இப்பவும் சொல்லலீங்க. அடிக்க முடியாதுன்னுதான் சொல்றீங்க. அந்த ரெண்டும் ஒண்ணுங்களா?"

வார்டில் அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேல்குமாருக்குச் சூடு கழுத்திலிருந்து ஏறியது. கை போயிருக்கிறது, தாடை உடைந்திருக்கிறது, யாருக்காக? ரெண்டு பையோடு வந்தவள் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்கிறாள்.

"உனக்காகக் கையவே குடுத்துட்டுப் படுத்திருக்கறன்டீ," என்றான். "இன்னும் என்னடீ பேச்சு..."

அவள் இரண்டு பையையும் கீழே போட்டாள். தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடி, முழங்கையை மடக்கி நெற்றிக்கு முன்னால் கொண்டுவந்தாள். பதினான்கு வருஷமாகப் பழகினது. எந்தப் பக்கம் வரும் என்று உடம்புக்குத் தெரியும். எதற்கு இப்படிச் செய்கிறாள் என்று வேல்குமாருக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் தலைக்கு மேலே தூக்கியிருந்த இடது கையைப் பார்த்தான். கையில் கடிகாரம் இருந்தது.

எப்போது எடுத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. எடுக்க வேண்டும் என்று நினைத்ததாகவே ஞாபகமில்லை. கட்டை கனத்தது. மூன்று பலகையை ஒட்டி அவனே இழைத்துச் செய்த கனம். அந்தப் பிளாஸ்டிக் கடிகாரத்துக்கு ஏழு தையல். இது மண்டையைப் பிளந்திருக்கும், தையல் போட அவள் மிஞ்சியிருக்கமாட்டாள். காதுக்குப் பக்கத்தில் நொடி முள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அடி இன்னும் விழவில்லையே என்று காத்துக்கொண்டு நின்றாள்.

கையை மெல்ல இறக்கினான்.

"சுதா," என்றான். "கண்ணத் தொற."

அவள் திறந்தாள். முழங்கையை மட்டும் இறக்கவில்லை.

"போயிரு. கொமரலிங்கத்துக்கே போயிரு. நான் கூப்பிட்டாலும் வராத. அழுதாலும் வராத. போன எடுக்காத." மூச்சு வாங்கியது. கடிகாரத்தை அவள் பக்கம் நீட்டினான். "இதையும் எடுத்துட்டுப் போ. என்ற கைக்கு எட்டற மாதிரி உட்டுட்டுப் போகாத."

அவள் இரண்டு கையாலும் அதை வாங்கினாள். ஒரு பையைப் பிரித்து, சேலைகளுக்கு நடுவில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டாமல் கதவு வரைக்கும் பின்னாலேயே நடந்து போனாள். அதுவும் பழக்கம்தான். வராந்தாவுக்குப் போன பிறகுதான் திரும்பி நடந்தாள்.

ஜன்னலோரம் இடது காதை வார்டுக்குக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து உட்கார்ந்திருந்த மாரிச்செல்வம் அப்போதுதான் திரும்பினான். காலி ஸ்டூலைப் பார்த்தான். ஜன்னலுக்குக் கீழே ஒருத்தி இரண்டு பையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கிறதைப் பார்த்தான்.

"என்னண்ணே, அக்கா எங்க போறாவ? இப்பத்தானே வந்தாவ?"

"அவ வரமாட்டா," என்றான் வேல்குமார்.

"கேக்கலண்ணே," என்று மாரிச்செல்வம் எழுந்து வந்து, கட்டிலின் மறுபக்கம் சுற்றி, குனிந்து, நல்ல காதைக் கொடுத்தான்.

வேல்குமார் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான்.